இடிபாடுகளுக்கு நடுவே ஒரு வெல்வெட் கொலர்: ரொக்கபிலி இசை திரும்பி வந்த கதை

பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் பெயர்பெற்ற கென் ரஸ்ஸல், 1955ஆம் ஆண்டு லண்டனில் எடுத்த ஒரு தொகுதிக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. உலகப் போரின் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்கள் அப்போதும் துப்புரவாக்கப்படவில்லை. செங்கல் குவியல்கள், கூரையில்லாத சுவர்கள், பற்றைகள். அவற்றுக்கு நடுவே பதினாறு, பதினேழு வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளைகள் நிற்கிறார்கள். வெல்வெட் கொலர் வைத்த நீண்ட கோட், மடித்துவிட்ட ஜீன்ஸ், கையில் மடித்த குடை. ஒருவர் முகத்திலும் பரிதாபம் இல்லை. "எங்களைப் பார்" என்ற நிமிர்வுதான் இருக்கிறது.

இந்தப் படங்களை முதலில் பார்த்தபோது எனக்கு வேறொரு படம் நினைவுக்கு வந்தது. 2010இல் வன்னியில் மீளக்குடியேறிய உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்று. பின்னணியில் தறப்பாள் கொட்டில், பாதி இடிந்த கிணற்றுக்கட்டு. முன்னால் பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக மணப்பெண்ணின் தோழிகள். கொட்டில் தெரியாதபடி படத்தை எடுக்குமாறு யாரும் கேட்கவில்லை. எல்லாம் அழிந்த இடத்தில் மனிதர்கள் முதலில் உடுப்பைத்தான் சரிசெய்கிறார்கள் போலும் என்று அன்றே எனக்குத் தோன்றியது.

லண்டன் பிள்ளைகளின் உடுப்புக்குப் பின்னால் ஒரு இசை இருக்கிறது. சரியாகச் சொன்னால் உடுப்பு முதலில் வந்தது, இசை பின்னால் வந்து அதனோடு சேர்ந்துகொண்டது. ரொக்கபிலி என்பது அதன் பெயர். 1954இல் பிறந்து, ஐந்தாறு வருடங்களில் செத்துப்போய், எழுபதுகளில் எழும்பி, இன்றுவரை லண்டன், லாஸ் வேகாஸ், டோக்கியோ என்று பல ஊர்களில் ஆட்களைக் கூட்டிக்கொண்டிருக்கும் இசை. அழிந்துபோன ஒன்றை மனிதர்கள் எப்படி மீட்டெடுக்கிறார்கள், மீட்கும்போது எதை எடுத்துக்கொண்டு எதை விட்டுவிடுகிறார்கள் என்பதைப் பார்க்க இது நல்ல உதாரணம். அதனால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைப்பற்றி எழுதுகிறேன்.

ஒரு ஜூலை மாத இரவு

அமெரிக்காவின் டெனசி மாநிலம், மெம்பிஸ் நகரம், யூனியன் அவெனியூ 706ஆம் இலக்கம். அங்கே சாம் பிலிப்ஸ் என்பவர் 1950 முதல் சிறிய ஒலிப்பதிவுக் கூடமொன்றை நடத்திவந்தார். 1952இல் சன் ரெக்கோர்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கினார். தொடக்கத்தில் அவர் பதிவுசெய்ததில் பெரும்பகுதி கறுப்பினக் கலைஞர்களின் புளூஸ் இசை.

1954 ஜூலை 5ஆம் திகதி இரவு, லொறி ஓட்டிக்கொண்டிருந்த 19 வயதுப் பையன் ஒருவன் அந்தக் கூடத்தில் மெதுவான பாடல்களைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தான். எதுவும் சரிவரவில்லை. இடைவேளையில் விளையாட்டாக ஒரு பழைய பாடலை வேகமாகப் பாடத் தொடங்கினான். கிற்றார் வாசித்த ஸ்கொட்டி மூரும் பெரிய பேஸ் வாத்தியம் வாசித்த பில் பிளாக்கும் சேர்ந்துகொண்டார்கள். பிலிப்ஸ் அவர்களை நிறுத்தி, மறுபடி தொடக்கத்திலிருந்து வாசிக்கச் சொன்னார். அந்தப் பையன் எல்விஸ் பிரெஸ்லி. பாடல் "தற்ஸ் ஓல் ரைட்". இசைத்தட்டின் மறுபக்கத்தில் வந்தது, பில் மன்றோ என்ற வெள்ளையரின் மலைநாட்டு இசைப் பாடல். ஒரு பக்கம் கறுப்பர்களின் புளூஸ், மறுபக்கம் ஏழை வெள்ளையர்களின் நாட்டுப்புற இசை, இரண்டுமே தம் பழைய வேகத்தை மாற்றிக்கொண்டு ஒரே தட்டில். ரொக்கபிலி என்றால் இதுதான். ரொக் என்ற சொல்லையும் ஹில்பிலி என்ற சொல்லையும் ஒட்டிச் செய்த பெயர் அது. ஹில்பிலி என்பது மலைப்பகுதி ஏழை வெள்ளையரைப் பட்டணத்தார் இளக்காரமாகச் சொன்ன சொல். எங்களூரில் "காட்டான்" என்று சொல்வதைப்போல.

அந்தப் பதிவில் மேளமே இல்லை. இருந்தும் கேட்பவருக்கு மேளம் இருப்பதுபோலத் தோன்றும். ஆளுயரப் பேஸ் வாத்தியத்தின் தடித்த நரம்பை வாசிப்பவர் விரலால் வெளியே இழுத்து விடுவார். அது மரத்தில் அடித்துத் திரும்பும்போது "டக்" என்று ஒரு சத்தம். இடையிடையே உள்ளங்கையாலும் மரத்தில் அறைவார். ஒரே வாத்தியத்தில் சுரமும் வரும், தாளமும் வரும். மேளகாரருக்குக் கூலி கொடுக்க வழியில்லாத குழுக்களுக்கு இது பெரிய உதவி.

இரண்டாவது சூட்சுமம் எதிரொலி. பிலிப்ஸ் இரண்டு ஒலிநாடா இயந்திரங்களை வைத்திருந்தார். பாடும் குரல் ஒன்றில் பதிவாகும் அதேநேரம் மற்றதன் வழியாக ஒரு நொடியில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு தாமதித்துத் திரும்பி வந்து மூலக் குரலோடு கலக்கும். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டால் குரல் திரும்பி வருமே, அதைவிட மிகக் குறுகிய, ஒரேயொரு தடவை மட்டும் வரும் எதிரொலி. அதனால் மூன்றே பேர் வாசித்தது கூடம் நிறைந்ததுபோலக் கேட்டது. பணமில்லாத இடத்தில் இருந்ததை வைத்துச் செய்த வேலை. எழுபது வருடங்களாகியும் அந்த எதிரொலியைப் பெறுவதற்காக ஆட்கள் தனிக்கருவி வாங்குகிறார்கள்.

இனி அந்தப் பாடலின் சொந்தக்காரர். ஆர்தர் குருடப், மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த கறுப்பின புளூஸ் கலைஞர். "தற்ஸ் ஓல் ரைட்" பாடலை எழுதி 1946இல் பதிவுசெய்தவர் அவர். பிரெஸ்லியின் தட்டு உலகமெங்கும் போனபோது குருடப்புக்கு உரிய பங்கு போய்ச் சேரவில்லை. வெர்ஜீனியாவில் தோட்டக் கூலியாட்களை ஏற்றி இறக்கும் தொழிலும் கூலி வேலையும் செய்து வாழ்ந்தார். 1974இல் இறந்தார். கணக்குத் தீர்க்கப்பட்டு அவருடைய குடும்பத்துக்குப் பணம் வந்தது அதற்குப் பிறகுதான்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். பாடசாலைகளில் இனத்தால் பிள்ளைகளைப் பிரித்துவைப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954 மே 17. பிரெஸ்லி அந்தப் பாடலைப் பாடியது சரியாக ஏழு வாரங்களுக்குப் பிறகு. சில நாட்களில் மெம்பிஸ் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அந்தத் தட்டை ஒலிபரப்பிவிட்டுப் பிரெஸ்லியைப் பேட்டி கண்டார். எந்தப் பாடசாலையில் படித்தாய் என்று கேட்டார். பாடசாலையின் பெயரைச் சொன்னால் ஆள் எந்த இனம் என்று கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும், அதற்காகத்தான் அந்தக் கேள்வி. ஊர்ப் பெயரையும் பாடசாலைப் பெயரையும் கேட்டு ஆளை எடைபோடும் பழக்கத்தை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

செத்ததும் பிழைத்ததும்

முதல் வாழ்வு குறுகியது. பஞ்சுத் தோட்டக் குத்தகைக் கூலிகளின் மகனான கார்ல் பெர்கின்ஸ் 1956இல் "புளூ ஸ்வேட் ஷூஸ்" பாடலால் உச்சிக்குப் போனார், அதே வருடம் வாகன விபத்தில் படுத்தார். (சிறுவயதில் அவருக்குக் கிற்றார் காட்டிக்கொடுத்தவர் அதே தோட்டத்தில் வேலைசெய்த ஒரு கறுப்பின முதியவர்.) பிரெஸ்லி 1958இல் இராணுவத்துக்குப் போனார். படி ஹொலி 1959 பெப்ரவரியில் விமான விபத்தில் இறந்தார். எடி கொக்ரன் 1960 ஏப்ரலில் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடிந்து வாடகைக் காரில் போகும்போது வில்ட்ஷயரில் நடந்த விபத்தில் இறந்தார். அவருக்கு 21 வயது. கூடப்போன ஜீன் வின்சென்ட் காயத்தோடு தப்பினார். அமெரிக்காவில் இசை வேறு பக்கம் திரும்பியது. ரொக்கபிலிக்காரர்களில் பலர் கடை வைத்தார்கள், தொழிற்சாலைக்குப் போனார்கள், சிலர் மதப் பிரசங்கத்துக்குப் போனார்கள்.

ஆனால் இங்கிலாந்தில் மறக்கவில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே அங்கே தொழிலாளர் குடும்ப இளைஞர்கள், எட்வேர்ட் மன்னர் காலத்துக் கனவான்களின் நீண்ட கோட்டைத் தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். பணக்காரருக்காகத் தையல்காரர்கள் மீண்டும் கொண்டுவந்த பாணியை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எட்வேர்ட் என்ற பெயரைச் சுருக்கி இவர்களை டெடி போய்ஸ் என்றார்கள். உடுப்புக்கான பங்கீட்டு அட்டை 1949 வரையும் உணவுக்கானது 1954 வரையும் இருந்த நாடு அது. பங்கீட்டு அட்டைக் காலத்தில் வளர்ந்த பிள்ளை இவ்வளவு துணியை ஒரே கோட்டில் செலவழிப்பதற்கு என்ன அர்த்தம் என்று பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் விளங்கும். ரொக் அன் ரோல் கடல் கடந்து வந்தபோது இந்த உடுப்புக்கு ஏற்ற இசையும் கிடைத்துவிட்டது.

1976 மே மாதத்தில் ஆயிரக்கணக்கான ஆட்கள் அதே கோட்டும் எண்ணெய் தடவி வாரிய தலையுமாக லண்டனில் பி.பி.சி. தலைமையகம் நோக்கி ஊர்வலம் போனார்கள். கோரிக்கை ஒன்றுதான்: எங்கள் இசையை வானொலியில் போடுங்கள். சம்பள உயர்வுக்கும் போருக்கு எதிராகவும் ஊர்வலம் போவதைக் கேட்டிருக்கிறோம், பாட்டுப் போடச் சொல்லி ஊர்வலமா என்று சிரிக்கலாம். ஆனால் அதன் விளைவாக ரொக் அன் ரோலுக்கென்றே ஒரு நிகழ்ச்சி கிடைத்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் லண்டன் ரெயின்போ அரங்கில் சார்லி பெதர்ஸ், வொரன் ஸ்மித் போன்றவர்களை அழைத்து மேடையேற்றினார்கள். தாய்நாட்டில் யாரும் கண்டுகொள்ளாத, இருபது வருடங்களுக்கு முன் பதித்த பாடல்களை அந்நிய நாட்டுப் பிள்ளைகள் வரி தவறாமல் பாடுவதை அவர்கள் மேடையிலிருந்து கேட்டார்கள். ஜேர்மனியிலும் நெதர்லாந்திலும் சேகரிப்பாளர்கள் பழைய ஒலிநாடாக்களைத் தேடி எடுத்து மறுபதிப்புச் செய்தார்கள். ஒரு கலை தன் ஊரில் கைவிடப்பட்டு வெளியூரில் காப்பாற்றப்படுவது புதிதல்ல. எங்கள் நூல்களும் ஒலிப்பதிவுகளும் இன்று எந்தெந்த நாட்டு வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

நியூயோர்க் லோங் ஐலண்டைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் இதைக் கேள்விப்பட்டு 1980இல் லண்டனுக்கு வந்தார்கள். ஸ்ட்ரே கற்ஸ் குழு. லீ ரொக்கர் ஆளுயரப் பேஸை அறைந்து வாசித்தார், ஸ்லிம் ஜிம் பாண்டம் இரண்டு மூன்று மேளங்களை மட்டும் வைத்து நின்றுகொண்டே அடித்தார், பிரையன் செற்சர் தோடம்பழ நிறக் கிற்றாரோடு பாடினார். 1981இல் இங்கிலாந்தில் வென்று, 1982இல் அமெரிக்காவுக்குத் திரும்பிப்போய் அங்கே அல்பம் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தார்கள். அமெரிக்க இசை அமெரிக்காவுக்கு லண்டன் வழியாகத் திரும்பியது.

தோடம்பழ நிறக் கிற்றார்

செற்சர் கையில் இருந்தது கிரெட்ச் நிறுவனத்தின் 6120 என்ற வகை, 1959இல் செய்யப்பட்டது. அதைத் தேர்ந்தெடுத்த காரணம் எடி கொக்ரன் வைத்திருந்ததும் 6120 என்பதே. கொக்ரனின் கிற்றாருக்கு ஒரு கிளைக்கதை உண்டு. விபத்துக்குப் பிறகு அது பொலிஸ் நிலையத்தில் வைக்கப்பட்டிருந்தபோது, அங்கே பயிற்சியில் இருந்த இளம் பொலிஸ்காரர் ஒருவர் அதை எடுத்து வாசித்துப் பழகினாராம். அவர் பின்னாளில் டேவ் டீ என்ற பெயரில் பாடகரானார்.

கிரெட்ச் நிறுவனத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து புலம்பெயர்ந்த பிரீட்ரிக் கிரெட்ச் 1883இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் தொடங்கிய கடை அது. பான்ஜோ, மேளம், தம்பூரின் செய்தார்கள். 1895இல் அவர் இறந்தபோது மகனுக்கு வயது 15. அந்தப் பையன் தொழிலைக் கையில் எடுத்தான். 1916இல் புரூக்ளினில் பத்து மாடித் தொழிற்சாலை எழுந்தது. ஐம்பதுகளில் செற் அட்கின்ஸ் என்ற புகழ்பெற்ற வாத்தியக்காரரின் பெயரில் 6120 வந்தது. அவர் பெருவிரலால் அடிச்சுரத்தையும் மற்ற விரல்களால் மெட்டையும் ஒரேநேரத்தில் வாசிப்பவர். ரொக்கபிலி கிற்றார்காரர்கள் பலருக்கும் அந்தக் கைதான் பாடம்.

6120இன் உடல் உள்ளே வெறுமையானது. கட்டை கிற்றாரைப்போல் அல்லாமல் மரம் தானும் அதிர்ந்து ஒலிக்கும். ஒலி ஆழமாகவும் சற்றுக் காற்றோட்டமாகவும் இருக்கும். ஆனால் சத்தத்தைக் கூட்டினால் ஒலிபெருக்கியின் அதிர்வு உடலுக்குள் புகுந்து ஊளையிடும். வாசிப்பவருக்கு அதோடு ஒரு மல்லுக்கட்டு இருந்துகொண்டே இருக்கும். நரம்பின் அதிர்வை மின்னாக்கும் பகுதியில் ஆரம்பத்தில் ஒற்றைச் சுருள் இருந்தது, மின்சாரத்தின் "ம்ம்" என்ற இரைச்சலையும் சேர்த்துப் பிடித்தது. இலினோய் மாநிலத்தில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ரே பட்ஸ் என்பவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்து இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும்படி செய்தார். பில்டர்ட்ரோன் என்ற பெயரில் கிரெட்ச் அதை 1957 முதல் பயன்படுத்தியது. இதே ரே பட்ஸ்தான் எதிரொலி ஒலிநாடாவை ஒலிபெருக்கிப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கட்டியவர். ஸ்கொட்டி மூர் 1955இல் அந்தப் பெட்டியை வாங்கினார். சன் கூடத்தின் எதிரொலியை மேடைக்குத் தூக்கிக்கொண்டுபோக அது வழிசெய்தது. கிற்றாரின் அடிப்பகுதியில் ஒரு இரும்புக் கைப்பிடி தெரியும். அதை மெல்ல அமுக்கினால் சுரம் தளும்பும். அதைச் செய்தவர் போல் பிக்ஸ்பி, மோட்டார் சைக்கிள் உலகத்திலிருந்து வந்த இயந்திரக்காரர்.

1964 பெப்ரவரியில் பீற்றில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிரெட்ச் வாசித்ததும் கேள்வி பன்மடங்காகியது. ஆனால் 1967இல் குடும்பம் நிறுவனத்தை போல்ட்வின் என்ற பியானோ நிறுவனத்துக்கு விற்றது. 1970இல் கிற்றார்த் தயாரிப்பு புரூக்ளினில் இருந்து ஆர்கன்சா மாநிலத்தின் சிற்றூருக்கு மாறியது. பழைய கைவினைஞர்கள் பெரும்பாலும் கூடப்போகவில்லை. 1973இல் தீவிபத்துகள். தரம் விழுந்தது. எண்பதுகள் தொடங்கும்போது கிரெட்ச் கிற்றார் என்று ஒன்று செய்யப்படவேயில்லை. செற்சர் லண்டன் மேடையில் நின்ற காலம் அதுதான் என்பதைக் கவனியுங்கள். அவர் வாசித்தது தயாரிப்பு நின்றுபோன ஒரு பொருளை.

1985இல் நிறுவனரின் கொள்ளுப்பேரன் பிரெட் கிரெட்ச் குடும்பப் பெயரைத் திரும்ப வாங்கினார். 1989இல் கிற்றார்கள் மீண்டும் சந்தைக்கு வந்தன. ஆனால் புரூக்ளினில் செய்யப்படவில்லை. ஜப்பானில் ஒரு தொழிற்சாலையில் செய்யப்பட்டன. 2000களின் தொடக்கத்தில் தயாரிப்பையும் விநியோகத்தையும் பெண்டர் நிறுவனம் பொறுப்பேற்றது. அதன்பிறகு பழைய கருவிகளை அளந்து, மரத்தின் தடிப்பு, உள்ளே முண்டுகொடுக்கும் கட்டைகளின் இடம் என்பவற்றையெல்லாம் ஐம்பதுகளில் இருந்தபடியே திருத்தினார்கள். விற்று, எரிந்து, மூடி, திரும்ப வாங்கி, வேறொரு தேசத்தில் செய்யப்படும் ஒன்றை "அதே கிற்றார்" என்று சொல்லலாமா? சேகரிப்பாளர்கள் இதற்காக மணிக்கணக்கில் சண்டை பிடிப்பார்கள். என்னைக் கேட்டால், சொல்லலாம். எரிந்த நூலகத்தை அதே இடத்தில் கட்டியெழுப்பி அதே பெயர் வைத்தவர்கள் நாங்கள். அதற்குள் எது இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

எல்லோருக்கும் கிரெட்ச் வாங்க முடியாது. அமெரிக்காவின் ஏழைப் பிள்ளைகள் கைக்கு வந்தது டேன்எலக்ட்ரோ போன்றவை. அழுத்திய மரநார்ப் பலகையில் உடல், உதட்டுச்சாயக் குழாய் உறைக்குள் மின்சுருள். 1969இல் மூடப்பட்ட அந்தப் பெயரும் தொண்ணூறுகளில் மீண்டு வந்தது. மலிவான பொருளுக்கும் ஏக்கம் உண்டு என்று வியாபாரிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த ஏக்கத்தின் எல்லையைப் பெண்டர் நிறுவனம் 1995இல் தொட்டது. புதுக் கிற்றாரை எடுத்து, பூச்சைச் சுரண்டி, உலோகத்தைத் துருப்பிடிக்க வைத்து, சிகரெட்டால் சுட்ட தழும்புகூட வைத்து, நாற்பது வருடம் மேடையில் அடிபட்டதுபோல ஆக்கி, புதியதைவிடக் கூடிய விலைக்கு விற்கத் தொடங்கினார்கள். இன்று அது ஒரு தனிச் சந்தை. இதை என் சித்தப்பாவிடம் சொன்னேன். எழுபதுகளில் ஈழத்துப் பொப் இசை எங்கும் ஒலித்த காலத்தில், நித்தி கனகரத்தினத்தின் பாடல்களைக் கல்யாண வீடுகளில் வாசித்துத் திரிந்தவர் அவர். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அவருடைய கிற்றார் வீட்டோடு போய்விட்டது. திரும்பி வந்தபோது உறையின் பூட்டு மட்டும் கிடந்ததாம்.

"உரஞ்சினதுக்குக் கூடக் காசோ?" என்று கேட்டார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்ரையிலை ஷெல் துண்டு பட்ட ஓட்டையும் இருந்தது. அதுக்கு எவ்வளவு போடுவாங்கள்?" என்றார்.

ஜப்பானில் ஞாயிற்றுக்கிழமை

ரொக்கபிலியை மிகவும் பயபக்தியோடு காப்பாற்றும் இடங்களில் ஒன்று டோக்கியோ. தோற்ற நாடு வென்ற நாட்டின் இசையை எடுத்துக்கொண்ட கதை அது. போருக்குப் பிறகு ஜப்பானில் நிலைகொண்ட அமெரிக்கப் படையினரின் முகாம்களில் வாசிக்கப் போன உள்ளூர் இளைஞர்கள் அந்த இசையைக் காதால் கேட்டே கற்றார்கள். 1958 பெப்ரவரியில் டோக்கியோவின் நிச்சிகெகி அரங்கில் மிக்கி கேர்டிஸ், ஹிராவோ மசாக்கி, யமஷிதா கெயிஜிரோ ஆகிய மூவரும் பாடிய நிகழ்ச்சிக்குப் பிறகு "ரொகபிரி" என்பது ஜப்பானியச் சொல்லாகவே ஆகிவிட்டது. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் யோயோகி பூங்கா வாசலில் தோல் ஜக்கெட்டும் உயர்த்தி வாரிய தலையுமாக ஆட்கள் வந்து ஆடுகிறார்கள். பலருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சீமெந்துத் தரையில் ஆடி ஆடிச் சப்பாத்துத் தேய்ந்துபோவதால் அதன்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றியிருப்பார்கள். என் கண்ணுக்கு முழுப் பாணியிலும் உண்மையான பகுதி அந்த ஒட்டுநாடாதான்.

கொடியை என்ன செய்வது?

இதுவரை சொன்னதெல்லாம் மனதுக்கு இதமான பக்கம். மற்றப் பக்கமும் இருக்கிறது.

எழுபதுகளில் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் மீண்டெழுந்த ரொக்கபிலி, தன் அடையாளமாக அமெரிக்கத் தென்மாநிலங்களின் போர்க்கொடியைத் தூக்கியது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன மாநிலங்களின் கொடி அது. 1950களில் கறுப்பினப் பிள்ளைகளைப் பொதுப் பாடசாலையில் சேர்ப்பதை எதிர்த்தவர்கள் அதை மறுபடி உயர்த்தினார்கள். ஐரோப்பிய இளைஞர்களில் பலருக்கு அது வெறுமனே "கிளர்ச்சிக்காரன்" என்ற சின்னம். இசைத்தட்டு உறையில் போட்டார்கள், ஜக்கெட்டில் தைத்தார்கள், தோளில் பச்சை குத்தினார்கள். குருடப்பின் பாடலைப் பாடிக்கொண்டே குருடப்பின் முன்னோரைக் கட்டிவைத்தவர்களின் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

டெடி போய்ஸ் வரலாற்றிலும் இதே கறை உண்டு. 1958 ஒகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் லண்டன் நொட்டிங் ஹில்லில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் வீடுகளைக் கும்பல்கள் தாக்கின. அந்தக் கும்பல்களில் நீண்ட கோட்டுக்காரர்களும் இருந்தார்கள். ஒன்பது வெள்ளை இளைஞர்களுக்கு நான்கு வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. இடிபாடுகளுக்குள் வளர்ந்த பிள்ளைகள் என்று நான் மேலே பரிவோடு எழுதிய அதே தலைமுறைதான். வீட்டு யன்னலுக்கு வெளியே கும்பல் நிற்கும் இரவு எப்படியிருக்கும் என்று 1983ஐக் கண்டவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்தக் கோட்டின் அழகைப்பற்றி எழுதும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

2015 ஜூனில் தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயத்துக்குள் ஒன்பது பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கொலையாளி அந்தக் கொடியோடு எடுத்த படங்கள் வெளிவந்தன. அடுத்த மாதமே தென் கரோலினா அரச வளாகத்திலிருந்து கொடி இறக்கப்பட்டது. ரொக்கபிலி உலகத்துக்குள்ளும் விவாதம் சூடுபிடித்தது. "எங்களுக்கு அது இசையின் சின்னம் மட்டுமே" என்பது ஒரு தரப்பு. "சின்னத்தின் பொருளைத் தீர்மானிப்பவர் அதைத் தைத்துக்கொண்டவர் மட்டுமல்ல, அதன்கீழ் அடிபட்டவரும்தான்" என்பது மறுதரப்பு. நான் இரண்டாம் தரப்பு. கொடிகளுக்குக் கீழே வாழ்ந்தவர்கள் வேறு தரப்பில் இருப்பது கடினம்.

இன்றைய ரொக்கபிலியின் உயிர்ப்பான பகுதி பெரும்பாலும் அந்தக் கொடியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதது. லொஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் இதைத் தங்களதாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு உரிமையும் உண்டு. 1958இல் "லா பம்பா" பாடிய ரிச்சி வலென்ஸ் அவர்களில் ஒருவர், படி ஹொலியோடு அதே விமானத்தில் இறந்தவர். லாஸ் வேகாஸில் 1998இல் ஓர் ஆங்கிலேயர் தொடங்கிய வருடாந்த ரொக்கபிலி விழாவுக்கு உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். பழைய கார்கள், வட்டப் பாவாடைகள், பொமேட் தடவிய தலைகள். ஐம்பதுகளில் ஆண்களின் கூச்சலுக்கு நடுவே மறக்கப்பட்ட வொண்டா ஜக்சன் போன்ற பெண் பாடகிகளைத் திரும்ப மேடைக்குக் கொண்டுவந்ததும் இந்த மீளெழுச்சிதான். 2011இல் ஜக் வைட் தயாரித்த அவருடைய அல்பம் வந்தபோது அவருக்கு வயது 73.

மெம்பிஸின் அந்தக் கூடம் இன்னும் இருக்கிறது. பிலிப்ஸ் விட்டுப்போன பிறகு வேறு வேறு வியாபாரங்கள் நடந்த கட்டடத்தை 1987இல் மீண்டும் ஒலிப்பதிவுக் கூடமாகத் திறந்தார்கள். பகலில் சுற்றுலாப் பயணிகள், இரவில் பதிவு.

போன கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனபோது கைத்தொலைபேசியில் இரண்டு பதிவுகளையும் போட்டுக் காட்டினேன். முதலில் குருடப் 1946இல் பாடியது, பிறகு பிரெஸ்லி 1954இல் பாடியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரெண்டாவதிலை மேளம் இல்லை, என்ன?" என்றார். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வலது கையின் உள்ளங்கையால் கதிரைக் கைப்பிடியில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

"திரும்ப ஒருக்காப் போடு தம்பி," என்றார். "முதலாவதை."